பாசறைக் காதலும் இல்லிருந்த பெண்ணும்: மும்பைத் திரைப்படங்களில் ஆடவர் நேயக் கதைகளும் பெண் சித்திரிப்பும்

மும்பையில் இயங்கும் திரைப்பட இயக்குநர் ஒனிர், ‘வீ ஆர்’ என்னும் தம் படத்தின் திரைக்கதைக்கு இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் தடையில்லாச் சான்று வேண்டியிருந்தார். 2022 சனவரியில் அது மறுக்கப்பட்டது. அப்படத்தின் ஒரு பகுதி, இராணுவப் பணியிலிருந்து விலகியபின் 2020-இல் தம் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்த மேஜர் ஜே. சுரேஷின் வாழ்வைத் தூண்டுதலாகக் கொண்டது. காஷ்மீரில் பணியாற்றும் படைவீரர் ஒருவருக்கும் அவ்வூர் இளைஞர் ஒருவருக்கும் இடையிலான காதலைச் சொல்வது. இராணுவப் பொருண்மை கொண்ட படங்களுக்கு முன்னிசைவு பெறுதல் வேண்டும் என்று 2020 சூலையில் அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்கு எழுதிய மடலே இம்மறுப்புக்கு வழிகோலியது. மறுப்பு 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது. அத்தகைய உறவைக் காட்டுவது படையை இழிவாகச் சித்திரிப்பதாகவும் பாதுகாப்புக் கவலைகளை எழுப்புவதாகவும் உள்ளது என்று அரசு விடையிறுத்தது.

இதனையொட்டி எழுந்த வாதங்கள் யாவும் இரண்டு ஆடவரைப் பற்றியவை. படையின் மானம், கலைஞரின் உரிமை, 2018 செப்டம்பர் 6-இல் உச்சநீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் மீது வழங்கிய தீர்ப்பு ஆகியவை பேசப்பட்டன. படைவீரர் காதற்கதையில் பெண்ணுக்கு உரிய இடம் யாது என்னும் வினா எங்கும் எழவில்லை. படைவீரர் எவருக்கும் தாய் உண்டு. பலருக்கு மனைவியும் உடன்பிறந்தாளும் உண்டு. ஆடவர் இருவர் தம்முள் கொண்ட நேயத்தைச் சொல்லும் கதை, இப்பெண்களை எங்கே நிறுத்துகிறது, அவர்களுக்கு எதனைச் சொல்கிறது, எதனை மறைக்கிறது என்பதை மும்பைத் திரைப்பட வரலாற்றின் வழி நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும். தன்பாலீர்ப்புடைய படைவீரரை நடுவாகக் கொண்ட படம் மும்பையில் தடைப்பட்டமையின், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் படங்களே இங்குச் சான்றுகளாகின்றன.

பாசறையும் இல்லும்

போர்முனை ஆடவர்க்கு, இல்லம் பெண்டிர்க்கு என்னும் பகுப்பு தமிழிலக்கிய மாணவர்க்குப் புதிதன்று. முல்லைக்கு ‘இருத்தல்’ உரிப்பொருள். பாசறையில் பெண்ணொடு கூடுதல் இல்லை என்பது தொல்காப்பியக் கற்பியல் கூறும் விதி. ஆகவே பாசறை ஆடவர் மட்டுமே வாழும் வெளியாகவும், இல்லம் பெண் ஆற்றியிருக்கும் வெளியாகவும் வரையறுக்கப்படுகின்றன. இவ்விரு வெளிகளுக்கிடையே செய்தி எவ்வாறு செல்கிறது, எவ்வளவு செல்கிறது என்பதிலேயே இவ்வகைப் பாட்டுகளின் நயம் அடங்கியுள்ளது.

நெடுநல்வாடையில் அரசி பாண்டில் கட்டிலின்மேல் ஆற்றாமையால் வருந்துகிறாள். அரசனோ வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணப் பாசறையில் திரிகிறான். அப்போது வாளேந்திய இளங்காளை ஒருவனின் தோள்மேல் அவன் கை பொருந்தியிருக்கிறது. இக்காட்சியைத் தன்பாலீர்ப்பு எனக் கொள்வது நூலுக்குச் செய்யும் வன்முறையாகும். நக்கீரர் கருதியது அரசன் தன் படைமேல் கொண்ட பரிவையே. எனினும் ஓர் அமைப்பு இங்கே நோக்கத்தக்கது. அக்கையை அரசி காணவில்லை, படிப்பவர் காண்கிறார். அவள் அறியாத நெருக்கத்தை நாம் அறிகிறோம். முல்லைப்பாட்டிலும் அரசன் பாசறையில் உறங்காது புண்பட்ட களிறுகளையும் மடிந்த வீரரையும் எண்ணுகிறான். ஆனால் அப்பாசறையில் இடையில் வாளைக் கட்டிய மங்கையர் விளக்கேற்றி நிற்கின்றனர். பாசறை முற்றிலும் பெண்ணற்ற இடம் அன்று என்பதற்கு நப்பூதனார் விட்டுச்சென்ற இச்சிறு சான்று பின்னர் நினைக்கப்படும்.

ஆடவர் நட்பின் உச்சமாகத் தமிழர் போற்றும் கோப்பெருஞ்சோழன் கதையிலும் ஒரு பெண் நிற்கிறாள். சோழன் வடக்கிருந்தபோது உடனிருக்க வந்த பொத்தியாரை, மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வருக என்று அவன் திருப்பி அனுப்பினான். பின்னர் நடுகல்லான நண்பனிடம் பொத்தியார் இடம் கேட்கும் பாட்டு புறநானூற்றில் உள்ளது. அம்மனைவியின் பெயரும் தெரியாது. மகனைப் பெற்றபின் கணவனையும் இழக்கப்போகிறாள் என்பது அவளிடம் சொல்லப்பட்டதா என்பதும் தெரியாது. பிசிராந்தையாரைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் பல. பொத்தியாரின் மனைவியைப் பற்றி எழுதியவர் அரியர்.

செம்பூரில் உருவான முக்கோணம்

மும்பையின் செம்பூர்ப் பகுதியில் 1948-இல் நிறுவப்பட்டது ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோ. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் அடுத்தபடியாகத் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் செம்பூரும் ஒன்று. மாதுங்கா அரோரா திரையரங்கில் தமிழ்ப்படம் பார்த்துவந்த அம்மக்களுக்கு, இந்திப் படவுலகில் முதன்மை பெற்ற சென்னை நடிகையர் அயலார் அல்லர். ஆர்.கே. நிறுவனத்தின் பெயரில் 1964-இல் வெளிவந்த ‘சங்கம்’ படத்தின் நாயகி வைஜயந்திமாலா, 1949-இல் ஏவி.எம். நிறுவனத்தின் ‘வாழ்க்கை’ வழியாகத் தமிழில் அறிமுகமானவர். தமிழ்ச்செவிக்குச் ‘சங்கம்’ புலவர் அவையை நினைவூட்டும். இந்தியிலோ அது ஆறுகள் கூடுமிடம். கங்கையும் யமுனையும் கண்ணுக்குத் தெரிய, சரசுவதி மறைந்து கலப்பதாகக் கூறப்படும் கூடலே படத்தின் குறியீடு.

கதை அறியப்பட்டதே. சுந்தர், கோபால், இராதை மூவரும் சிறுவயதுத் தோழர். சுந்தர் இராதையை விரும்புகிறான். இராதையும் கோபாலும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். சுந்தர் விமானப்படையில் சேர்ந்து, காஷ்மீரில் போரிடும் வீரர்க்குப் பொருள் கொண்டுசெல்லும் இடர்மிகுந்த பணிக்குப் புறப்படுகிறான். புறப்படுமுன், தனக்கும் இராதைக்கும் இடையே வேறோர் ஆடவன் நுழைய விடமாட்டேன் என்று கோபாலிடம் வாக்குப் பெறுகிறான். விமானம் வீழ்ந்து அவன் இறந்ததாகக் கருதப்படுகிறது. கோபாலும் இராதையும் நெருங்கிவரும் வேளையில் அவன் உயிருடன் திரும்புகிறான். கோபால் விலகிக்கொள்ள, சுந்தருக்கும் இராதைக்கும் மணம் நிகழ்கிறது. கையெழுத்திடப்படாத பழைய காதல்மடல் ஒன்று கணவனின் கையில் கிட்டுகிறது; ஐயம் வளர்கிறது. முடிவில் கோபால் உண்மையை உரைத்துச் சுந்தரின் கைத்துப்பாக்கியாலேயே தன்னை மாய்த்துக்கொள்கிறான்.

ஏறத்தாழ நான்கு மணிநேரம் ஓடும் இப்படத்திற்கு இரண்டு இடைவேளைகள் உண்டு. அந்நெடுமையில் மிகுதியான பகுதி ஐரோப்பிய ஊர்களின் அழகுக்குச் செலவிடப்பட்டுள்ளது. ஆய்வுக்கு அது வேண்டுவதில்லை, ஒரு காட்சி தவிர. பாரிசில் கணவன் இரவு நடனவிடுதிக்குத் தனியே செல்ல விழைகிறான். மனைவி அவனைத் தடுத்து, விடுதிப்பெண் போல் தானே ஆடிக்காட்டி அவனை எள்ளுகிறாள். இல்லத்துப் பெண் என்றும் விடுதிப்பெண் என்றும் ஆடவர் வகுத்த எல்லையை இராதை விளையாட்டாக அழித்துவிடும் இடம் அது. வைஜயந்திமாலாவின் நடனப் பயிற்சி கதைக்குப் பொருள் தந்த இடமும் அதுவே. இப்படத்துக்காக அவர் ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருது பெற்றார்.

இங்கு இன்றியமையாதது அவ்வாக்கு. இராதை தொடர்பான வாக்கு இராதை இல்லாத இடத்தில், ஆடவர் இருவர்க்கிடையே கொடுக்கப்பட்டுப் பெறப்படுகிறது. கோபால் தன் காதலை மறைப்பது இராதைக்காக அன்று, சுந்தருக்காக. திருமணத்துக்குப்பின் இராதை தன் கடமையில் உறுதிபூண்டு, கோபாலைத் தம்மை விட்டு விலகியிருக்குமாறு தானே கேட்டுக்கொள்கிறாள். அவள் தன் நிலையை வகுத்துக்கொண்ட பின்னும் ஆடவர் இருவரும் தம்முள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு எஞ்சியே நிற்கிறது. படத்தின் புகழ்பெற்ற பியானோப் பாடலில் முறையீட்டின் வரிசையும் எண்ணத்தக்கது. நண்பன் நண்பனாக இல்லையே என்னும் துயரம் முன்னும், காதல் காதலாக இல்லையே என்பது பின்னும் வருகின்றன.

அமெரிக்க ஆய்வாளர் ஈவ் கொசோவ்ஸ்கி செட்ஜ்விக் 1985-இல் வெளியிட்ட ‘பிட்வீன் மென்’ என்னும் நூலில், ஆங்கிலப் புனைகதைகளின் காதல் முக்கோணங்களை ஆராய்ந்து, ஒரு பெண்ணை விரும்பும் ஆடவர் இருவரிடையே உள்ள பிணைப்பு, அவர்கள் அப்பெண்மேல் கொண்ட விருப்பத்தினும் வலிமை குறைந்ததன்று என்று காட்டினார். பெண்ணை ஆடவர் தம்முள் கொடுத்தும் கொண்டும் உறவை நிலைநாட்டுகின்றனர் என்பது 1975-இல் கேல் ரூபின் எழுதிய கட்டுரையின் கருத்து. இந்திப் படங்களின் ஆண்நட்பை இந்நோக்கில் படித்தவர்களுள் மும்பையில் பிறந்த எழுத்தாளர் ஆர். ராஜ் ராவ் குறிப்பிடத்தக்கவர். 2000-இல் வெளியான அவர் கட்டுரை 1970-களின் அமிதாப் பச்சன் படங்களில் நாயகியினும் நண்பன் பெறும் முதன்மையைச் சுட்டியது.

‘சங்கம்’ தன்பாலீர்ப்புப் படமா எனின், அன்று என்பதே நேர்மையான விடை. ஆயினும் ஆடவர் நேயம் முதலிடம் பெறும் கதையில் பெண் எவ்வாறு நிறுத்தப்படுவாள் என்பதற்கான அச்சு அதில் வார்க்கப்பட்டுவிட்டது. பெயர்களையே நோக்கலாம். இராதை புராணத்தில் கோபாலனுக்கு உரியவள். ஆனால் அவனை மணவாதவள். கதாசிரியர் இந்தர் ராஜ் ஆனந்த் இதை அறியாமல் பெயரிட்டிருக்க வாய்ப்பில்லை. முடிவில் சாம்பலாகிக் கூடலில் கலக்கும் கோபாலே மறைந்த சரசுவதி என்று படம் சொல்கிறது. கதை முழுதும் விருப்பம் கேட்கப்படாமல் மறைந்தோடியவள் இராதையன்றோ என்னும் ஐயத்தைப் படம் தீர்க்கவில்லை. இறுதிப்பகுதியில் ஆடவர் இருவரையும் நோக்கி அவள் சீறும் உரையாடல் அவ்வையத்துக்கு வலுச்சேர்க்கிறது.

சட்டம் எழுதிய முல்லை

திரைப்படத்தின் முக்கோணத்தை வெறும் கற்பனை எனத் தள்ளிவிட இயலாது. இந்தியப் படைச்சட்ட வழக்கில், ‘சகோதர அதிகாரியின் மனைவியது அன்பைக் கவர்தல்’ என்று பெயர்பெற்ற ஒரு குற்றச்சாட்டு உண்டு. அச்சொற்றொடரின் அமைப்பே போதிய சான்று. அதில் முதற்கண் வருபவன் சகோதரன், அவனுக்குரியவளாக மனைவி, அவளுடையதாக அன்பு. கவரப்பட்டது அன்பு எனினும் இழந்தவனாகக் கருதப்படுபவன் சகோதர அதிகாரியே. அன்பைக் கொடுத்தவள் வழக்கில் ஒரு பொருட்டாக இல்லை.

பொதுமக்களுக்கான பழைய சட்டமும் வேறுபட்டதன்று. தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவு, கணவனின் இசைவோடு நிகழ்ந்த உறவைக் குற்றமாகக் கொள்ளவில்லை. 2018 செப்டம்பர் 27-இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. 377ஆம் பிரிவின் தீர்ப்பு வெளிவந்து மூன்று வாரங்களுக்குள் இது நிகழ்ந்தது. இரு தீர்ப்புகளையும் படைத்தலைமை ஒருசேரவே எதிர்கொண்டது. 2019 சனவரியில் நடந்த ஆண்டுச் செய்தியாளர் கூட்டத்தில், அப்போதைய தரைப்படைத் தலைவர் பிபின் ராவத், படை பழமைப்பற்றுடையது என்றும், பிறன்மனை நயத்தலையும் தன்பாலுறவையும் படைக்குள் இடம்பெற விடுவதில்லை என்றும் பொருள்பட உரைத்தார். 1950ஆம் ஆண்டின் படைச்சட்டம் 45, 46ஆம் பிரிவுகள் தகாத நடத்தை, இழிநடத்தை ஆகியவற்றுக்குத் தண்டனை வகுக்கின்றன. படையினரின் அடிப்படை உரிமைகளை வரையறுக்க அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

பிறன்மனைத் தீர்ப்பு படையினரைக் கட்டுப்படுத்தலாகாது என்று ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தை அணுகியபோது முன்வைத்த காரணம் இலக்கிய மாணவரைத் திகைக்க வைப்பது. குடும்பத்தை விட்டு நெடுந்தொலைவில், கடுஞ்சூழலில் பணியாற்றும் வீரரின் உள்ளத்தில், வீட்டிலுள்ளோர் தகாத செயலில் ஈடுபடுவரோ என்னும் கவலை எப்போதும் இருக்கும் என்று அது வாதிட்டது. அத்தீர்ப்பு படைச்சட்டங்களைப் பற்றியதன்று என 2023 சனவரி 31-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பாசறையில் இருப்பவனின் மனவமைதிக்காக இல்லிருப்பவளின் ஆற்றியிருத்தல் சட்டத்தின் அக்கறையாகிறது. முல்லைப்பாட்டின் தலைவி நெஞ்சத்தால் காத்த கற்பை இங்குப் படைநீதிமன்றம் காக்க முன்வருகிறது. தன்பாலீர்ப்பும் பிறன்மனை நயத்தலும் ஒரே மூச்சில் பேசப்பட்டது தற்செயலன்று. இரண்டும் ‘சகோதரர்’ என்னும் சொல்லைக் கலைக்கின்றன: ஒன்று சகோதரர்க்கிடையே பெண்ணை நிறுத்துகிறது, மற்றொன்று பெண்ணே வேண்டாத நெருக்கத்தை அச்சொல்லுக்குள் கொண்டுவருகிறது.

திரைப்படம் இவ்வமைப்பையே பாட்டாக்கியது. 1971 போரின் லோங்கேவாலாச் சமரைச் சொல்லும் ஜே.பி. தத்தாவின் ‘பார்டர்’ 1997-இல் வந்தது. அதன் பெயர்பெற்ற மடற்பாடலில் பாலைநிலப் பாசறையின் ஆடவர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பாடுகின்றனர். பெண்டிர் வீடுகளில் காத்திருக்கும் முகங்களாக இடையிடையே வந்துபோகின்றனர். ஆடவர்க்கு உடல் நெருக்கம் கண்முன் உண்டு. பெண்டிர்க்கு எழுத்து மட்டுமே. நெடுநல்வாடையின் அமைப்பு சிறிதும் மாறவில்லை.

அறத்தொடு நிற்கும் பெண்கள்

தன்பாலீர்ப்பை வெளிப்படையாகப் பேசிய மும்பைப் படங்கள் 1990-களின் இறுதியிலிருந்தே தொடர்கின்றன. தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ இரு பெண்களின் காதலைச் சொன்னது. 1998 டிசம்பரில் மும்பைத் திரையரங்குகளில் அதன்மேல் தாக்குதல் நடந்தபோது முன்னணியில் நின்றவர்களுள் சிவசேனையின் மகளிரும் இருந்தனர். அது தனியாக ஆராயத்தக்கது. ஆடவர் காதலைப் பேசிய படங்களில் பெண்ணின் இடத்தை முதலில் தெளிவாக வரைந்தது ஒனிரின் ‘மை பிரதர் நிகில்’ (2005) எனலாம். கோவாவைக் களமாகக் கொண்ட இப்படம், எச்.ஐ.வி. தொற்றுக்காக 1989-இல் அடைத்துவைக்கப்பட்ட டொமினிக் டிசோசாவின் வாழ்வைத் தழுவியது. நிகிலைப் பெற்றோர் கைவிட, தமக்கை அனாமிகா அவனுக்காகவும் அவன் துணைவன் நைஜலுக்காகவும் நிற்கிறாள். படத்தின் பெயரே அவள் குரலில் அமைந்தது. ‘என் தம்பி’ என்று சொல்பவள் அவள். அவளின்றி அவன் கதைக்குத் தலைப்பில்லை.

இப்பாத்திரத்தை விளக்கத் தமிழ் அகமரபில் பொருத்தமான சொல் ஒன்றுண்டு: அறத்தொடு நிற்றல். களவுக்காதல் தலைவியிடமிருந்து தோழிக்கும், தோழியிடமிருந்து செவிலிக்கும், செவிலியிடமிருந்து நற்றாய்க்கும், அவள் வழியாகத் தந்தைக்கும் தமையருக்கும் படிப்படியாகச் சென்று சேர்கிறது. உண்மையை இல்லத்துக்குள் கொண்டுசெல்லும் பொறுப்பு முழுவதும் பெண்களுடையது. அனாமிகா செய்வது அதுவே. ஸ்ரீதர் ரங்கயன் மும்பையிலிருந்து இயக்கிய ‘ஈவினிங் ஷாடோஸ்’ (2018) படத்தில் மும்பையில் வாழும் மகன் கார்த்திக், தென்னக ஊரிலுள்ள தாய் வசுதாவிடம் தன்னை வெளிப்படுத்துகிறான். தந்தையின் ஆணைக்கு அஞ்சி வாழ்ந்தவள் அந்த உண்மையைச் சுமந்தபின் தன் அச்சத்தையும் எதிர்கொள்கிறாள். மும்பைக் குடிசைப்பகுதியில் வளர்ந்த ரோகன் கானவடே இயக்கி, 2025-இல் சன்டான்ஸ் விழாவில் உலகத் திரைப்படப் பிரிவின் நடுவர் பெருவிருதைப் பெற்ற மராத்திப் படம் ‘சாபர் போண்டா’விலும் மகனின் இயல்பை அறிந்து அரண்போல நிற்பவள் தாய் சுமன்.

‘சங்க’த்தின் இராதையோடு ஒப்பிடின் இப்பெண்கள் பெரிதும் முன்னேறியவர்கள். அவர்களிடம் உண்மை சொல்லப்படுகிறது. அவர்கள் பேச்சால் கதை நகர்கிறது. எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. அறத்தொடு நிற்றல் பிறர் காதலுக்காகச் செய்யும் தொண்டு. தோழிக்குத் தன் காதல் இல்லை. சங்கப் பாட்டுகள் அவளுக்கென ஒரு தலைவனைத் தரவில்லை. அனாமிகாவின் நேரமும் வசுதாவின் துணிவும் மகனுக்காக, தம்பிக்காக அளக்கப்படுகின்றன. மேலும், தாயும் தமக்கையும் மட்டுமே அறத்தொடு நிற்கின்றனர், மனைவி நிற்பதில்லை. உண்மையால் இழப்படைபவள் மனைவி ஆதலின் இப்படங்கள் அவளைப் பெரும்பாலும் கதைக்குள் அழைக்காமலே விடுகின்றன.

அவளை அழைத்த படங்கள் இரண்டை இங்குக் குறிக்கலாம். ‘வீ ஆர்’ குறித்து நாடாளுமன்றத்தில் விடை கூறப்பட்ட அதே 2022 பிப்ரவரியில் வெளியானது ஹர்ஷவர்தன் குல்கர்னியின் ‘பதாயி தோ’. அதன் நாயகன் ஷார்துல் சீருடை அணிந்தவன். ஆனால் படைவீரன் அல்லன், காவலன். பெண்களை விரும்பும் உடற்பயிற்சி ஆசிரியை சுமியை, இருவர் வீட்டாரையும் ஏய்ப்பதற்காக அவன் மணக்கிறான். இங்கு மனைவி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே அறிந்தவள். ஏமாற்றப்பட்டவள் அல்லள், உடன்படிக்கையின் மறுபாதி. அவளுக்கும் காதலி உண்டு. சுவரொட்டியிலும் கதையிலும் அவள் பங்கு அவன் பங்குக்குக் குறையவில்லை. காவலரின் சீருடைக்குள் சொல்ல முடிந்த கதையைப் படையின் சீருடைக்குள் சொல்ல இயலவில்லை என்பது அவ்வாண்டின் முரண். மற்றொன்று மலையாளத்தில் வந்த ‘காதல் தி கோர்’ (2023). மும்பையில் பிறந்து தமிழ்ப்படங்களில் புகழ்பெற்ற ஜோதிகா, இதில் தன்பாலீர்ப்புடைய கணவரிடமிருந்து மணவிலக்குக் கேட்டு வழக்குத் தொடுக்கும் ஓமனாவாக நடித்தார். நீண்ட இல்வாழ்வுக்குப் பின் அவள் தொடுக்கும் அவ்வழக்கே கதையை இயக்குகிறது. அவளுடைய விடுதலையும் கணவனுடைய விடுதலையும் ஒரே மனுவில் எழுதப்படுகின்றன.

அயல்நாட்டுப் பாசறைகள்

தன்பாலீர்ப்புடைய படைவீரர் கதைகள் பிற நாடுகளில் தடையின்றி எடுக்கப்பட்டுள்ளன. ‘வீ ஆர்’ படமாகியிருப்பின் எதிர்கொண்டிருக்கக்கூடிய சிக்கலை அவை காட்டுகின்றன. எஸ்தோனிய இயக்குநர் பீட்டர் ரெபானேயின் ‘ஃபயர்பேர்ட்’ (2021), 1970-களின் சோவியத் விமானப்படைத் தளத்தில் செர்கேய் என்னும் வீரனுக்கும் ரோமன் என்னும் விமானிக்கும் மலர்ந்த காதலைச் சொல்கிறது. செர்கேய் ஃபெடிசோவின் தன்வரலாற்றைத் தழுவியது. தளத்தில் பணிபுரியும் லூயிசா செர்கேயின் தோழி. ஐயத்துக்கு ஆளான ரோமன் அவளையே மணக்கிறான். ஆக, அவள் காதல் மணத்தில் முடிந்ததாக அவள் எண்ணும் நிகழ்வு, உண்மையில் ஆடவர் இருவரின் காதலை மறைக்கும் திரை. தோழியும் தலைவியும் ஒருத்தியே ஆன இடம் இது. ஆனால் உண்மை அவளை மிகத் தாமதமாகவே வந்தடைகிறது. கணவன் ஆப்கானிஸ்தானில் மடிகிறான். அவளுக்கு எஞ்சுவது மகனும் காலங்கடந்த அறிவும். அரசின் கொடுமையால் காதலர் பிரிந்தனர் என்று படம் இரங்குகிறது. அக்கொடுமையின் விலையில் ஒரு பங்கை லூயிசாவைக் கேளாமல் அவள் பெயரில் எழுதியவர்கள் அக்காதலரே என்பதைப் படம் தொட்டும் தொடாமலும் செல்கிறது. சுந்தர் பெற்ற வாக்கின் சாயல் இங்கே தெரிகிறது.

இதனினும் கூர்மையானது இஸ்ரேலிய இயக்குநர் எய்டன் ஃபாக்ஸின் ‘யோசி அண்ட் ஜாக்கர்’ (2002). லெபனான் எல்லைக் காவல்நிலையில் அதிகாரிகள் இருவர் காதலராக உள்ளனர். இஸ்ரேலியப் படையில் பெண்களும் உண்டு ஆதலின், யாயேலி என்னும் பெண்வீரர் அங்கு வருகிறாள், ஜாக்கரை விரும்புகிறாள். அவன் சமரில் மாண்டபின், துக்க வீட்டில் அவன் தாய் யாயேலியையே மகனின் காதலி எனக் கொண்டு பேசுகிறாள். மகனுக்குப் பிடித்த பாடல் எதுவென்றுகூடத் தான் அறியவில்லையே என்று அத்தாய் வருந்த, அருகிலிருக்கும் யோசி அப்பாடலின் பெயரைச் சொல்கிறான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்வதில்லை. பெண்கள் இருவர் பொய்யான ஆறுதலில் ஒருவரையொருவர் பற்றியிருக்க, உண்மை அறிந்தவன் வாய்மூடி அமர்ந்திருக்கிறான். அறத்தொடு நிற்கத் தோழி இல்லாத இல்லம் அது. யாயேலி இழிவாகக் காட்டப்படவில்லை, தாயும் காட்டப்படவில்லை. எனினும் அவர்களின் துயரம் யோசியின் துயரத்தை ஆழப்படுத்துவதற்குரிய பின்னணியாகவே அமைகிறது. ஏறத்தாழ ஒரு மணிநேரமே ஓடும் படத்தில் இது நேர்ந்துவிடுகிறது என்று சொல்வதும் உண்டு. ஆனால் அதே ஒரு மணிநேரத்தில் ஆடவர் இருவர்க்கும் முழு வாழ்வு கிட்டியிருக்கிறது.

இந்தியப் பாசறை இப்போது பெண்ணற்றதும் அன்று. தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர ஆணையம் வழங்கவேண்டும் என்று 2020 பிப்ரவரி 17-இல் பபிதா புனியா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப்புறங்களிலிருந்து வரும் ஆண்வீரர்கள் பெண்ணைத் தலைமையாக ஏற்க மனத்தளவில் இன்னும் பழக்கப்படவில்லை என்னும் அரசின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தீர்ப்புக்கு ஐந்து திங்களுக்குப்பின்னரே திரைப்படங்களுக்கு முன்னிசைவு வேண்டும் என்னும் மடல் எழுதப்பட்டது. ‘சங்கம்’ பிறந்த செம்பூர் ஸ்டுடியோ 2017 செப்டம்பரில் தீக்கிரையானது. 2019-இல் அந்நிலம் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. இடையில் வாள் கட்டி விளக்கேந்திய முல்லைப்பாட்டு மங்கையர் பாசறையில் கண்டவை எவை என்று நப்பூதனார் கூறவில்லை. இன்றைய பாசறையில் அதிகாரியாக நிற்கும் பெண் எதைக் காண்கிறாள் என்று சொல்லும் திரைக்கதைக்கும் முதலில் சான்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது.